சென்னையில் கலைப் பரிந்துரை: கலைப்பணியாளர் காட்டும் வழி

ஒரு நகரில் எந்தக் கச்சேரியைக் கேட்கலாம், எந்த நாடகத்தைப் பார்க்கலாம், எந்த அருங்காட்சியகத்தில் எந்தக் கூடத்துக்கு முதலில் போகலாம் என்று, அக்கலைகளோடு அன்றாடம் பழகுவோர் பிறருக்குச் சொல்லும் வழக்கமே கலைப் பரிந்துரை. சென்னை மாநகரில் இவ்வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலவி வருகிறது. பத்திரிகைத் திறனாய்வு, சபா நிகழ்ச்சி நிரல், வானொலி அறிவிப்பு என அதன் வடிவங்கள் மாறியிருக்கின்றன. எனினும் ஒரு மிருதங்கக் கலைஞரோ, நாடக ஒளியமைப்பாளரோ, நூலகரோ, "அவசியம் போய்ப் பாருங்கள்" என்று நேரில் சொல்லும் சொல்லுக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு.

பரிந்துரை பார்வையாளருக்கு உதவுவதோடு நிற்பதில்லை. எந்தக் கலைக்குக் கூட்டம் சேரும், எந்தக் கலைஞருக்கு அடுத்த மேடை கிடைக்கும், எந்தக் கலையை நகரம் தன்னுடையது என்று ஏற்கும் என்பவற்றையும் அது ஓரளவு தீர்மானிக்கிறது. பரிந்துரைக்கப்படாத கலை எவ்வளவு சிறந்ததாயினும், அது நிகழும் தெருவுக்கு அப்பால் அறியப்படாமல் போகக்கூடும். சென்னையின் கலை வரலாற்றில் இவ்விரண்டுக்கும் தெளிவான சான்றுகள் இருக்கின்றன.

கலைப்பணியாளர் யார்?

மேடையில் தோன்றுவோர் மட்டும் கலைப்பணியாளர் அல்லர். பாடகர், ஆடற்கலைஞர், நடிகர், ஓவியர், சிற்பி ஆகியோருடன், அரங்கின் ஒலி, ஒளிப் பொறுப்பாளர், ஒப்பனைக் கலைஞர், இசைக்கருவி செய்வோர், கண்காட்சி அமைப்பாளர், சபாச் செயலாளர், நூலகர், ஆவணக் காப்பாளர், கலை ஆசிரியர் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர்.

இவர்களின் பரிந்துரைக்கு மதிப்பு வருவதற்குக் காரணம் இவர்கள் இருக்கும் இடம். மேடைக்கு முன் அமர்ந்திருப்பவர் ஒரு மாலை நிகழ்ச்சியைக் காண்கிறார். அரங்கப் பொறுப்பாளரோ ஆண்டு முழுவதும் அதே மேடையில் பலரையும் காண்கிறார். யார் ஒத்திகைக்கு உரிய நேரத்தில் வருகிறார், யாருடைய குரல் ஒலிபெருக்கியின் துணையின்றியே கடைசி வரிசைவரை எட்டுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பக்கவாத்தியம் வாசிப்பவர் பல பாடகர்களுடன் மேடையேறுபவர். ஆகவே இளையவர்களில் யார் வளர்ந்து வருகிறார் என்பதை விளம்பரத்துக்கு முன்பே அவர் அறிந்துவிடுகிறார்.

வரலாறு

சபாக்களும் இதழ்களும்

கோயில்களிலும் செல்வர் இல்லங்களிலும் நிகழ்ந்துவந்த கச்சேரிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னையில் சபாக்களுக்கு மாறத் தொடங்கின. திருவல்லிக்கேணியில் உருவான ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900 முதல் இயங்கி வருகிறது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடும் நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டது. இன்று 'சீசன்' என்று அழைக்கப்படும் மார்கழி இசைவிழாவின் தொடக்கம் அதுவே.

சபாக்கள் பெருகியபோது, எங்கே போவது என்ற கேள்வியும் பெருகியது. அதற்கு விடை சொல்லும் பொறுப்பை இதழ்கள் ஏற்றன. எழுத்தாளர் கல்கி, ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை, நாட்டிய விமர்சனங்களை எழுதினார். இசை இலக்கணம் அறியாத வாசகரும் படித்து மகிழும்படி அவை நகைச்சுவையோடு அமைந்தன. பிற்காலத்தில் சுப்புடு கூரிய விமர்சனங்களால் புகழ்பெற்றார். ஒரு கச்சேரி பற்றி அவர் என்ன எழுதப் போகிறார் என்று கலைஞரும் ரசிகரும் ஒருசேரக் காத்திருந்த காலம் உண்டு.

எதைப் பரிந்துரைப்பது என்பதே பெரும் விவாதமான நிகழ்ச்சி தமிழிசை இயக்கம். கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே பெரும் இடம் பெற்றன. தமிழ்ப் பாடல்கள் இறுதியில் பாடப்படும் துக்கடாக்களாகச் சுருங்கியிருந்தன. இதை மாற்ற ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். கல்கி தம் எழுத்தால் இயக்கத்துக்குத் துணை நின்றார். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. பாரிமுனைப் பகுதியிலுள்ள ராஜா அண்ணாமலை மன்றத்தில் அச்சங்கத்தின் இசைவிழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

ஒரு பரிந்துரையின் விளைவு: சதிரும் பரதநாட்டியமும்

பரிந்துரையின் வலிமையையும் அதன் மறுபக்கத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்வு 1930-களில் நடந்தது. இன்று பரதநாட்டியம் எனப்படும் ஆடல் அக்காலத்தில் சதிர் என்று அழைக்கப்பட்டது. தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதை ஆடி வந்தனர். அம்முறையை ஒழிக்க வேண்டும் என்ற சீர்திருத்த இயக்கம் வலுப்பெற்றபோது, ஆடலும் சேர்ந்து இகழப்பட்டது. நகரத்து மேல்தட்டுக் குடும்பங்கள் அதைப் பார்க்கவும் தயங்கின.

வழக்கறிஞரும் கலை ஆர்வலருமான இ. கிருஷ்ண ஐயர், அந்த ஆடலைக் காக்க வேண்டும் என்று வாதிட்டார். அவரே ஆடக் கற்றவர். சீர்திருத்தவாதியான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியுடன் பத்திரிகைகளில் அவர் விவாதம் நடத்தினார். மியூசிக் அகாதெமி மேடையில் மரபுவழிக் கலைஞர்களின் ஆடலை நிகழச் செய்தவர்களில் அவர் முதன்மையானவர். 1933-இல் அகாதெமியில் நடந்த அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை ருக்மிணி தேவி அருண்டேல் கண்டார். அதன்பின் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆடல் பயின்று, 1935-இல் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்ராவை நிறுவினார். "வந்து பாருங்கள்" என்று கலை அறிந்த ஒருவர் சொன்ன சொல், மறையும் நிலையில் இருந்த ஓர் ஆடலை உலகறியச் செய்த சங்கிலியில் ஒரு கண்ணியாயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆடல் புதிய மேடைகளுக்கு வந்தபோது, அதுவரை அதைக் காத்துவந்த பெண்களில் பெரும்பாலோர் அம்மேடைகளில் இடம்பெறவில்லை. கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. மரபுவழிக் கலைஞர் பலர் ஆடலைக் கைவிட்டனர். அம்மரபிலிருந்து வந்து உலகப் புகழ்பெற்ற தஞ்சாவூர் பாலசரஸ்வதி போன்றோர் மிகச் சிலர். அவருக்கு 1973-இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் ஆடற்கலைஞர் அவரே. ஒரு கலை பரிந்துரைக்கப்படும்போது, அக்கலையைச் சுமந்தவர்களும் சேர்த்துப் பரிந்துரைக்கப்படுகிறார்களா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அது இன்றும் பொருந்தும்.

துறைவாரியாகப் பரிந்துரைகள்

இசை

மார்கழி இசைவிழாவுக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் மாலை நேரத்து முன்னணிக் கலைஞர்களின் கச்சேரியைத் தேடுவர். அதற்கு நுழைவுச்சீட்டு வேண்டும். சீட்டு விரைவில் தீர்ந்துவிடுவதும் உண்டு. இசைத்துறையினர் மாணவர்களுக்குச் சொல்வது வேறு. நண்பகலிலும் பிற்பகலிலும் இளைய கலைஞர்கள் பாடும் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான சபாக்களில் கட்டணம் இல்லை. கூட்டம் குறைவு, முன்வரிசையில் அமரலாம். தம்புராவின் சுருதியும் பாடகர் பக்கவாத்தியக்காரருக்குக் காட்டும் கண்சாடையும் அங்கே தெளிவாகப் புலப்படும். நாளை மாலைக் கச்சேரிக்கு உயரப்போகிறவரை இன்றே கேட்டுவிட்ட நிறைவும் கிடைக்கும்.

மியூசிக் அகாதெமியில் காலை வேளைகளில் நடைபெறும் செயல்விளக்க உரைகள் மற்றொரு பரிந்துரை. ஒரு ராகத்தின் வரலாறு, ஒரு தாளத்தின் கணக்கு, மறைந்துவரும் ஒரு பாடல் வகை ஆகியவற்றை அறிஞரும் கலைஞரும் பாடியும் வாசித்தும் விளக்குவர். இவற்றோடு, எந்தச் சபாவின் சிற்றுண்டிச்சாலையில் எது சுவையாக இருக்கும் என்ற பரிந்துரையும் தவறாமல் வரும். கச்சேரிக்கு இணையாக அதுவும் சீசனின் ஓர் அங்கமாகிவிட்டது.

ஓவியமும் சிற்பமும்

எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் கடந்துவிட முயல்வர். சிற்பிகளும் கலை ஆசிரியர்களும் தரும் அறிவுரை, வெண்கலப் படிமக் கூடத்துக்கு மட்டும் ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள் என்பதாகவே இருக்கும். திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் ஆகிய சோழர்காலப் படிமங்கள் இந்த அருங்காட்சியகத்தின் செல்வங்கள். இங்குள்ள நடராசர் படிமத்தின் புகைப்படங்களைக் கண்டு வியந்து, பிரெஞ்சுச் சிற்பி ரோடின் எழுதிய கட்டுரை 1921-இல் வெளியானது. ஒரு நாட்டுச் சிற்பி தாம் நேரில் காணாத மற்றொரு நாட்டுச் சிற்பியின் படைப்பை உலகுக்குப் பரிந்துரைத்ததற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. அமராவதிப் பௌத்தச் சிற்பங்களும் இவ்வளாகத்தில் உள்ளன.

அருகிலேயே, 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியின் தொடர்ச்சியான அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் தலைவராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்ததே மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலை. நுழைவுக் கட்டணமின்றி எந்நேரமும் காணக்கூடிய அச்சிற்பத்தை அன்றாடம் கடந்து செல்வோர் பலர். நின்று பார்ப்போர் சிலர். பாறையை நெம்பும் நால்வரின் தசைகளிலும் பாதங்களிலும் சிற்பி காட்டியிருக்கும் விசையை, ஓவிய மாணவர்கள் அங்கேயே அமர்ந்து வரைந்து பழகலாம்.

அக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள இக்கிராமத்தை ஓவியர்கள் தம் கைவினைப் பொருட்களை விற்ற வருவாயைக் கொண்டு வளர்த்தனர். 'மெட்ராஸ் இயக்கம்' எனப்படும் நவீன ஓவிய மரபின் படைப்புகளை அங்குள்ள காட்சிக்கூடத்தில் காணலாம். ஆயிரம்விளக்கு, கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையமும் இளம் ஓவியர்களின் கண்காட்சிகளுக்காகப் பரிந்துரைக்கப்படும் இடம்.

நாடகமும் கூத்தும்

எழுத்தாளர் ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். தெருக்கூத்தை நகரத்தார் பழங்கால எச்சமாகக் கருதிய நாளில், அது முழுமையான அரங்கக்கலை என்று அவர் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்து மரபு நகரத்து நாடகக்காரர்களின் பயிற்சிக்குள் வந்தது. பசுபதி, கலைராணி போன்ற நடிகர்கள் அப்பட்டறையில் பயின்றனர். கணக்காளராக அங்கு வேலைக்குச் சேர்ந்து, ஒத்திகைகளைப் பார்த்துப் பார்த்தே நடிப்பைக் கற்றவர் விஜய் சேதுபதி. நல்ல கலையின் அருகில் இருப்பதே ஒரு கல்வி என்பதற்கு அது சான்று.

கூத்தை முழுமையாகக் காண விரும்புவோரிடம், சென்னையை விட்டு வெளியே போகுமாறு நாடகக் கலைஞர்கள் சொல்வர். பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடைபெறும். இரவு தொடங்கி விடியும்வரை அது நீளும். நகர அரங்கில் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்ட கூத்தைப் பார்த்தவர், ஊர்மக்களோடு பாயில் அமர்ந்து விடியும்வரை பார்க்கும்போதுதான் அதன் அளவை உணர்கிறார். போர்வையும் குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள், திரும்பும் பேருந்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற சிறு குறிப்புகளும் அத்தகைய பரிந்துரையின் பகுதியே.

நூலும் திரைப்படமும்

தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் உருவானது. பழைய நூல்கள், இதழ்கள், பாட்டுப் புத்தகங்கள், நாடக அறிவிப்புத் தாள்கள் எனப் பலவும் அதில் உள்ளன. ஒரு காலத்தில் தெருவில் கொடுத்து வீசியெறியப்பட்ட அறிவிப்புத் தாள், இன்று அக்காலத்தின் நாடக வரலாற்றுக்கு ஆவணம். பெசன்ட் நகரிலுள்ள உ.வே.சாமிநாதையர் நூலகமும், எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் நூலகர்கள் மாணவர்களுக்குத் தவறாது சொல்லும் இடங்கள். சனவரியில் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடந்து வருகிறது.

உலகத் திரைப்படங்களைப் பார்க்க விரும்புவோருக்குத் திரைப்படச் சங்கங்களே வழிகாட்டிகள். அத்தகைய சங்கங்களுள் ஒன்றான இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன், 2003 முதல் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்தி வருகிறது. நுங்கம்பாக்கத்திலுள்ள அலையன்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனியின் மாக்ஸ் முல்லர் பவன் ஆகியவற்றிலும் திரையிடல், நாடகம், கண்காட்சி ஆகியவை நடைபெறுகின்றன. அங்கு நுழைவதற்கு அந்தந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று பல மாணவர்கள் எண்ணித் தயங்குவர். அது தேவையில்லை என்று ஒரு கலைஞர் சொன்னாலே அந்தத் தயக்கம் நீங்கிவிடும்.

பரிந்துரையின் எல்லைகள்

யுனெஸ்கோ நிறுவனம் 2017-இல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. சென்னையின் இசை என்றதும் பலர் மனத்தில் எழுவது மயிலாப்பூர், மாம்பலம், ராயப்பேட்டைப் பகுதிகளின் சபா இசையே. ஆனால் இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு ஆகிய வடசென்னைப் பகுதிகளுக்கு உரிய கானாவும் அதே நகரின் இசை. துக்க வீட்டில் இரவு முழுவதும் பாடப்படும் கானாவுக்கு நுழைவுச்சீட்டோ நிகழ்ச்சி நிரலோ கிடையாது. யார் நன்றாகப் பாடுவார் என்பதை அப்பகுதி மக்கள் வாய்மொழியாகவே அறிவர். பறையிசையும் கோயில் திருவிழாக் கூத்தும் இவ்வாறே.

இதற்குக் காரணம் பெரும்பாலும் பரிந்துரைப்பவரின் தீய எண்ணம் அன்று. ஒருவர் தமக்குத் தெரிந்ததையே பரிந்துரைக்க முடியும். அவருக்குத் தெரிந்தது, அவர் வாழும் தெருவையும் பழகும் வட்டத்தையும் பொறுத்தது. அந்த வட்டங்களைச் சாதியும் வருவாயும் வகுத்திருக்கின்றன. ஆகவே ஒரு வட்டத்தின் எல்லை, காலப்போக்கில் நகரக் கலையின் எல்லையாகவே தோற்றமளிக்கத் தொடங்குகிறது.

அந்த எல்லையைக் கடக்கச் சில முயற்சிகள் நடந்துள்ளன. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், நாட்டுப்புறக் கலைஞர்களை நகரப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் அழைத்து வந்தது. சில ஆண்டுகள் நின்றிருந்த அவ்விழா 2023 பொங்கலையொட்டி மீண்டும் நடத்தப்பட்டது. பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழாவில், பாடகர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோரின் முன்முயற்சியால் கருநாடக இசையும் பரதநாட்டியமும் கூத்தும் பறையும் மீனவர் குடியிருப்பில் ஒரே மேடையில் நிகழ்ந்தன. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது. மார்கழி என்றால் ஒரு வகை இசையே என்ற எண்ணத்தை அவ்விழாவின் பெயரே கேள்விக்கு உள்ளாக்கியது. நகரின் ஓரத்திலுள்ள மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரின் சுவர்களில் 2020-இல் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டபின், அதுவரை அங்கே போகாதவர்களும் போய்ப் பார்க்கத் தொடங்கினர்.

வாழ்வாதாரம்

கலைஞரின் வருவாய் பருவத்தைச் சார்ந்தது. சபாக் கலைஞருக்கு மார்கழியும் கோயில் விழாக்களும், கூத்துக் கலைஞருக்குப் பங்குனி முதல் ஆடி வரையும் முக்கியமான காலங்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது திருவிழாக்கள் நின்றன. கூத்துக் குழுக்கள் அந்த ஆண்டின் வருவாய்க் காலத்தையே இழந்தன. அதே ஆண்டு மார்கழியில் சபாக்கள் பல தம் கச்சேரிகளை இணையவழியில் நடத்தின. இணையத்துக்கு மாறும் வசதி எல்லாக் கலைகளுக்கும் ஒரே அளவில் அமையவில்லை.

இத்தகைய நிலையில் ஒரு பரிந்துரையின் பயன் பாராட்டோடு முடிவதில்லை. ஒரு கூத்துக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு பள்ளி, தன் ஆண்டு விழாவுக்கு அக்குழுவை அழைக்கலாம். ஓவியரின் கண்காட்சியைக் காணப் போனவர் ஒரு சிறு ஓவியத்தை வாங்கலாம். இலவச நிகழ்ச்சியாயினும், அரங்கில் நிறைந்த இருக்கைகள் அக்கலைஞருக்கு அடுத்த ஆண்டு நல்ல நேரத்தைப் பெற்றுத்தரலாம். ஒத்திகைக்குச் செலவிட்ட மாதங்களுக்கு முன்னால், இருபது பேர் கூடுதலாக வந்து அமர்வது சிறிய உதவி அன்று.

நல்ல பரிந்துரையின் இயல்புகள்

கலைப்பணியாளர்களின் பரிந்துரைகளைக் கூர்ந்து நோக்கினால் சில பொதுத் தன்மைகள் தெரியவரும்.

முதலாவது, அது குறிப்பாக இருக்கும். "அருங்காட்சியகம் நன்றாக இருக்கும்" என்பதைவிட, "வெண்கலக் கூடத்தில் அர்த்தநாரீசுவரரின் பின்புறத்தையும் சுற்றிப் பாருங்கள்" என்பது பயன் மிக்கது.

இரண்டாவது, கேட்பவரின் நிலைமை அறிந்து சொல்லப்படும். விடுதி மாணவிக்கு இரவு பத்து மணிக்கு முடியும் நாடகத்தைச் சொல்பவர், பிற்பகல் காட்சி உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்வார். முதியவருக்கு, அரங்கில் படிக்கட்டு எத்தனை, அருகில் பேருந்து நிறுத்தம் உண்டா என்பவையும் தேவை.

மூன்றாவது, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்துபோகும் வழக்கம் உண்டு. மிருதங்கக் கலைஞர் ஒருவர், "அப்போது எழாதீர்கள், கணக்கு புரியாவிட்டாலும் கையால் தாளம் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால், கேட்பவர் அமர்ந்திருப்பார்.

நான்காவது, சொல்பவருக்கும் கலைஞருக்கும் உள்ள உறவை மறைக்காது. "அவர் என் மாணவர், அதனால் எனக்குச் சற்றுப் பரிவு அதிகம்" என்று சொல்லிவிட்டுப் பரிந்துரைப்பவரின் சொல்லை மக்கள் மேலும் நம்புவர்.

மாணவர்களுக்கு

கலைப் பரிந்துரையைப் பெறுவது கடினமன்று. நிகழ்ச்சி முடிந்து கலைஞர்கள் கருவிகளை உறையிலிடும் வேளையில் பணிவாக ஒரு கேள்வி கேட்டால், பெரும்பாலோர் மகிழ்ந்து பதில் சொல்வர். "நீங்கள் அடுத்து யாருடைய நிகழ்ச்சிக்குப் போகப் போகிறீர்கள்?" என்பது நல்ல கேள்வி. "எது சிறந்தது?" என்று கேட்டால் பொதுவான விடை வரும். அடுத்து எங்கே போகிறார் என்று கேட்டால், அவர் தம் சொந்த நேரத்தைச் செலவிட விரும்பும் இடம் தெரியவரும்.

இன்னொரு கேள்வியும் கேட்கத் தக்கது. "பலருக்கும் தெரியாத, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய கலைஞர் யார்?" என்பதே அது. முதல் கேள்வி ஒருவரின் வட்டத்துக்குள் அழைத்துச் செல்லும். இரண்டாவது கேள்வி அந்த வட்டத்தின் விளிம்புக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து வேறொரு கலையின் பணியாளரைச் சந்தித்து, அதே கேள்விகளை அவரிடமும் கேட்கலாம். வீணைக் கலைஞரிடம் தொடங்கியவர், வீணை செய்பவரிடம் போய், அவர் வழியாக அவர் தெருவின் பஜனைக் குழுவையும் கோயில் நாதசுவரக்காரரையும் அறிந்துகொள்ள முடியும்.

ஒவ்வொரு மாணவரும் தம் பகுதியின் பரிந்துரையாளரும் ஆவார். வியாசர்பாடியிலிருந்து வரும் மாணவருக்குத் தெரிந்த பாடகரை மயிலாப்பூர் மாணவர் அறியமாட்டார். மயிலாப்பூர் மாணவர் வழக்கமாகச் செல்லும் காலை உரையை வியாசர்பாடி மாணவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஒரே வகுப்பில் அமரும் இருவரும் தத்தமக்குத் தெரிந்த ஒரு கலைஞரை மற்றவருக்குச் சொல்லி, ஒரு முறை உடன் அழைத்துச் சென்றாலும் போதும். எந்தப் பத்திரிகையும் அச்சிடாத கலைப்பட்டியல் ஒன்று அந்த வகுப்பறையில் உருவாகிவிடும்.